பெண் பார்க்க வந்தவர் சமைத்த மெக்சிகோ சாப்பாடு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கேசரியைத் தின்றுவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று போனவர்கள். இன்னும் கலந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கு நாலு காணி நிலம். கோமுகி அணைத் தண்ணீர் ஒழுங்காக வரும் வருஷம் கரும்பு, வராத வருஷம் மக்காச்சோளம். நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். கொரோனா ஓய்ந்த பிறகும் ஆபீசுக்கு வா என்று யாரும் கூப்பிடாத காலம் அது. எனக்கு வயது இருபத்தொன்பது. அம்மாவின் கணக்கில் அது முப்பத்தைந்து.

அந்த வரன் திருக்கோவிலூர்க்காரர். அவருக்கும் பெங்களூரில்தான் வேலை. அவருடைய அப்பா அம்மா மட்டும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, இனி பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்று போன் நம்பர் கைமாறியது. ஒரு நாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டார்.

"உங்களுக்கு எதுல இன்ட்ரஸ்டுங்க?" என்றார்.

"சாப்பிடறதுலங்க."

நான் விளையாட்டாகச் சொன்னேன். அவர் அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டார். "எனக்குச் சமைக்கறதுலங்க. மெக்சிகோ சமையல். அதுக்குத் தோதா ஒயின் சேர்த்துக் குடுக்கறது ரொம்பப் புடிக்கும். வெல ஜாஸ்தி ஒயின யாரு வேணா வாங்கலாம். கம்மி வெலையில சரியானதா பாத்து எடுக்கறதுலதான் விஷயமே இருக்குது."

பெண் பார்க்க வருகிறவர்கள் யாரும் குடிக்க மாட்டார்கள். கம்பெனி பார்ட்டியில் கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். வரிந்து கட்டிக்கொண்டு ஒயினைப் பற்றிப் பேசும் மாப்பிள்ளையை நான் அதுவரை சந்தித்ததில்லை.

"அப்ப எங்க வூட்டுக்கு வந்து சமைச்சுக் காட்டுங்க" என்றேன். இதுவும் விளையாட்டுத்தான்.

"வர்ற ஞாயித்துக்கெழம வரட்டுங்களா?" என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பாவின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒயின் என்றால் திராட்சை கிடையாது. பாட்டிலில் அடைத்து விற்கும் எல்லாமே ஒயின்தான்.

"குடிகாரனா?" என்றார் அப்பா.

"சொல்லிட்டுக் குடிக்கறான். நல்ல பையனாத்தான் இருப்பான்" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்க்காமல்.

அப்பா சொல்லாமல் குடிக்கிற ரகம். நிலத்தில் வேலை செய்கிறவர் கடைக்குப் போய் வாங்கி வருவார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று அப்பா சாப்பிடுவார். பிறகு கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார். இது எனக்கும், அம்மாவுக்கும், பக்கத்து வீட்டாருக்கும், எங்கள் எருமைக்கும் தெரியும். தெரியாது என்று அப்பா மட்டும் நினைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாப்பிள்ளை போனில் உத்தரவு கொடுத்தார். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பே போதும். அப்போதுதான் தோல் கழன்று மாவு ஒட்டும், ரொட்டி தட்ட வரும்.

அம்மா பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "சோளத்துக்கு எதுக்குடி சுண்ணாம்பு? வூட்டுக்கு வெள்ளையடிக்கப் போறாரா?"

அப்பாவின் வருத்தம் வேறு. எங்கள் சோளம் முழுக்க நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போகிற சோளம். "வர்ற மாப்ளைக்குக் கோழித்தீவனம் போட்டோம்னு திருக்கோவிலூர் பூரா பேசுவாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, முதுகில் பெரிய பையோடு இருந்தார். பையைத் திறந்து நாலு வெண்ணெய்ப்பழம், ஒரு பொட்டலம் நீட்டு மிளகாய், ஒரு கட்டி கறுப்புச் சாக்லேட் எல்லாம் எடுத்து வைத்தார். ஒயின் இல்லை.

"ஒயின் இங்கயே வாங்கிக்கலாம் அங்கிள். கடை எங்கன்னு காட்டுங்க."

அப்பாவுக்கு 'அங்கிள்' பிடிக்கவில்லை. கடையைக் காட்டு என்றது அதைவிடப் பிடிக்கவில்லை. அவர் தன் வாழ்நாளில் அந்தக் கடைப்பக்கம் போனதில்லை என்பது குடும்பத்தின் அதிகாரபூர்வ நிலைப்பாடு. ஆனாலும் விருந்தாளியைத் தனியாக அனுப்ப முடியாதே. பரண்மேல் தேடி ஒரு பழைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

கடையில் நடந்ததைப் பிறகு இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நல்ல வெயிலில் அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமலே வரிசையில் நின்றாராம். பின்னால் நின்றவர், "அய்யா, ஹெல்மெட்டு புதுசுங்களா?" என்று கேட்டாராம். எங்கள் கரும்பை வெட்டுகிறவர்தான் அவர். அவர்கள் முறை வந்ததும் மாப்பிள்ளை கம்பிக்குள் குனிந்து, "ஒயின் இருக்குங்களா?" என்றார்.

"எல்லாம் ஒயின்தான். இன்னா வேணும், பிராந்தியா ரம்மா?"

"இல்லீங்க, திராட்ச ஒயின்."

"அது ஒயின் ஷாப்புல எங்க சார் கெடைக்கும்?" என்றார் உள்ளே இருந்தவர். வரிசை முழுக்கச் சிரித்திருக்கிறது. அப்பாவும் ஹெல்மெட்டுக்குள் சிரித்தாராம்.

பிறகு கள்ளக்குறிச்சி வரை போயிருக்கிறார்கள். அங்கே ஏசி போட்ட ஒரு பெரிய கடையில், மேல் தட்டின் மூலையில், யாரும் தொடாமல் தூசி படிந்த ஒயின் பாட்டில்கள் நின்றிருக்கின்றன. மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் கைக்குட்டையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று, போர்ட் என்கிற தித்திப்பு ஒயின் ஒன்று என்று எடுத்தார். மூன்றும் இருப்பதிலேயே விலை குறைந்தவை. "ஜோசியக்காரன் ஜாதகம் பாக்கறாப்பல பாக்கறான்டி. நான் ஒரு நிமிஷத்துல வாங்கிக்கினு வந்துடுவேன்" என்று அப்பா என்னிடம் குறைப்பட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. நான் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

அடுப்படி வாசலில் அம்மா நின்றாள். "நீங்க உக்காருங்க தம்பி. பொண்ணு பாக்க வந்தவரு அடுப்புல நின்னா ஊரு இன்னா சொல்லும்?"

"ஊருக்கும் ரெண்டு ரொட்டி குடுத்துடலாம் அத்த" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஊறிய சோளத்தைக் கழுவி கிரைண்டரில் போட்டார். புதிதாய்ப் பூசிய சுவரில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவியது. மாவை உருட்டி அவர் கொடுக்க, பூரி அழுத்தும் கட்டையில் வைத்து நான் அழுத்தினேன். முதல் ரொட்டி தோசைக்கல்லில் மூன்றாகக் கிழிந்தது. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஐந்தாவது ரொட்டி பூரி மாதிரி உப்பியதும் அந்தத் திருப்தி போய்விட்டது.

பக்கத்து வீட்டு அக்கா காபித்தூள் கடன் கேட்டு வந்தார். அவர் வீட்டில் காபி குடிக்கும் ஆள் கிடையாது. "மாப்ள சமைக்கறாரா? அப்ப நீ இன்னா பண்ணுவ?" என்று என்னிடம் கேட்டார்.

"சாப்பிடுவேன்க்கா" என்றேன்.

சுட்ட தக்காளியும் பச்சை மிளகாயும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் சேர்த்து ஒரு துவையல் செய்தார். மொச்சையை வேகவைத்து மசித்து வெங்காயத்தோடு வதக்கினார். பிறகு நாட்டுக்கோழி. நீட்டு மிளகாயை வறுத்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, எள்ளு, பட்டை, கிராம்பு, தக்காளி எல்லாம் சேர்த்து அரைத்தார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தாள். "நம்ம கொழம்பேதான். மெக்சிகோகாரங்க நம்ம பக்கத்துலேர்ந்துதான் போயிருப்பாங்க" என்றாள். அடுத்த நிமிஷம் அவர் சாக்லேட்டை உடைத்துக் குழம்பில் போட்டார்.

"ஏங்க! இங்க வாங்க!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பா வாய்க்கால் பக்கமிருந்து ஓடி வந்தார். "கோழிக்கொழம்புல சாக்லேட்டு போட்டுட்டாருங்க!" அடுப்பு பற்றிக்கொண்டதைச் சொல்வது போலச் சொன்னாள். அப்பா சட்டிக்குள் பார்த்தார். குழம்பு கறுத்து, பளபளத்துக்கொண்டிருந்தது. திரும்பி வாய்க்காலுக்கே போய்விட்டார்.

சாயங்காலம் கரண்ட் போனது. மாப்பிள்ளைக்கு முகம் விழுந்துவிட்டது. வெள்ளை ஒயின் சில்லென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காரத்துக்கு அது சேராது என்று பிரிட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா பாட்டிலை வாங்கித் தூக்குவாளியில் போட்டு, கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார். ஒரு மணி நேரம் கழித்து மேலே தூக்கியபோது பாட்டில் வியர்த்திருந்தது. மாப்பிள்ளை அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். பிறந்த குழந்தையைக் கூட அப்படி யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

சிவப்பு பாட்டிலில் வேறு சிக்கல். வெள்ளைக்குத் திருகு மூடி, சிவப்புக்குத் தக்கை. தக்கையை எடுக்கும் கருவி எங்கள் வீட்டில் ஏது? "இந்த வெலையில தக்க வெச்ச பாட்டில் வரும்னு நெனைக்கலங்க" என்றார். அப்பா மோட்டார் கொட்டகைக்குப் போய் நீள ஸ்க்ரூ ஒன்றும் ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் எடுத்து வந்தார். ஸ்க்ரூவைத் தக்கைக்குள் முறுக்கி இறக்கி, பாட்டிலை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இறுக்கி, பிளேயரால் பிடித்து இழுத்தார். 'டப்' என்று தக்கை வந்தது. கூடவே ஒரு டம்ளர் ஒயின் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. கிடா வெட்டிவிட்டு வந்தவர் மாதிரி நின்றார். மாப்பிள்ளை கை தட்டினார். "தம்பி, இது இன்னா பெரிய வேல!" என்றார் அப்பா. அவர் 'தம்பி' என்றது அப்போதுதான் முதல் தடவை.

எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு யாரோ பரிசு கொடுத்த கண்ணாடி டம்ளர்கள் அன்றைக்குத்தான் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்தன. இருட்டும் முன்னே சாப்பிட உட்கார்ந்தோம். மாப்பிள்ளை உட்காரவில்லை. நின்றுகொண்டே பாடம் எடுத்தார்.

"மொதல்ல தக்காளித் தொவையலும் வெண்ணெய்ப்பழமும் ரொட்டியில வெச்சுச் சாப்பிடுங்க. அதுக்கு வெள்ள. லேசா இனிப்பும் புளிப்பும் இருக்கறதால காரத்த அடக்கும், எலுமிச்சையோட ஒட்டிக்கும். குடிக்கறதுக்கு முன்னாடி மோந்து பாருங்க. பச்ச ஆப்பிள் வாசன வருதுங்களா?"

அப்பா கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார். "கெணத்து வாசன வருது" என்றார்.

எனக்குச் சிரிப்பில் மூக்கு வழியாக ஒயின் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் சிரித்தார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தச் சேர்க்கை பிரமாதமாக இருந்தது. நாக்கு எரியும்போது சில்லென்று இறங்கி, எரிச்சலை அணைத்து, இன்னொரு வாய் துவையலைக் கேட்க வைத்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்தது மொச்சை, அதற்குச் சிவப்பு. "செவப்பு காரத்தத் தூக்கிக் காட்டும். அதனால தொவையலோட இத வெச்சுக்காதீங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ஒரு கை துவையலை அள்ளிப் போட்டு, சிவப்பை மடக்கென்று குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தம்பி, காரம் ஏறுது!"

"அதான் சொன்னேன் அங்கிள்."

"நல்லாத்தான இருக்குது! ஏறணும்னுதான மனுஷன் குடிக்கறது?"

மாப்பிள்ளை தன் டம்ளரைப் பார்த்தார். யோசித்தார். அவரும் ஒரு கை துவையல் எடுத்துச் சிவப்போடு சேர்த்துப் பார்த்தார். இருமினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாங்க மாமா" என்றார். அங்கிள் அதோடு ஒழிந்தார்.

கறுப்புக் குழம்பு வந்தபோது போர்ட் பாட்டிலைத் திறந்தார். அம்மா தொடவே மாட்டேன் என்று இருந்தவள். அவர் கொஞ்சம் ஊற்றி முன்னால் வைத்ததும் மோந்து பார்த்தாள். "இவ பொறந்தப்ப எனக்குக் குடுத்த டானிக்கு மாதிரி இருக்குது" என்று ஒரு வாய் குடித்தாள். பிறகு குழம்பை ரொட்டியில் தொட்டுத் தின்றாள். மறுபடி ஒரு வாய். "சாக்லேட்டு போட்ட தப்புக்கு இது பரிகாரம் மாதிரி இருக்குது தம்பி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.

அவருக்குச் சந்தோஷத்தில் குரலே மாறிவிட்டது. "அதேதான் அத்த! ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒரு ஆழம் இருக்குது. இதுல பாருங்க, காஞ்ச அத்திப்பழம் தெரியும், பின்னாடி ஒரு பழைய மரப்பெட்டி தெரியும்."

"பெட்டிக்குப் பூட்டு இருக்குதுங்களா?" என்றேன்.

அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒன்றரை டம்ளர் உள்ளே போயிருந்தது, நான் ரொம்ப நன்றாகப் பேசிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. சாவியை எங்கே வைத்தார்கள் என்றும் கேட்டேன்.

கடைசி டவுன் பஸ்ஸுக்கு அப்பா அவரைக் கொண்டுபோய் விட்டார். இருவரும் நடந்தே போனார்கள், அப்பா தலையில் ஒரு சிறு மூட்டைச் சோளத்தோடு. திரும்பி வந்து, "நல்ல பையன்டி" என்றார். "அந்தச் சுண்ணாம்புச் சட்டிய நான்தான் தேய்க்கணும். ஆனாலும் நல்ல பையன்" என்றாள் அம்மா.

நான் மறுநாளே முடிவு செய்துவிட்டேன். வேண்டாம். காலையில் காபி கொடுத்தால் இதில் என்ன பழம் தெரிகிறது என்று கேட்பார், ரசத்தில் மரப்பெட்டி தெரிகிறது என்பார். அந்த மனிதரை நோகடிக்காமல் சொல்ல ஒரு வாக்கியம் தயாரித்து, அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பெருந்தன்மையான வாக்கியம்.

வாரக் கடைசியில் அவர் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"ஒங்க வூடு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. மாமா, அத்த, அந்தக் கெணறு, எல்லாமே."

"சரிங்க."

"ஆனா ஒத்து வராதுன்னு தோணுதுங்க. நான் சொல்றதுக்கெல்லாம் சிரிக்கறீங்க. ஒரு நாளைக்கு நல்லாத்தான் இருக்குது. ஆயுசுக்கும் என்னால தாங்க முடியாதுங்க."

என் பெருந்தன்மையான வாக்கியம் வீணாய்ப் போனது. "நானே வேணாம்னுதான் சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன். எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

"அப்பாடா. அப்ப ஒண்ணும் பிரச்சின இல்லீங்க" என்றார். அந்த 'அப்பாடா'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டே கேட்டார். "அவன் சொன்னதுல இன்னா தப்பு?"

"நீங்களும்தான கெணத்து வாசனன்னு சொன்னீங்க?"

"எனக்கு நெசமாவே கெணத்து வாசனதான் வந்துது. நீ கிண்டல் பண்ண."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து, வரப்பில் நின்று அப்பா யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "மாப்ள, ரோஸ் கலர்ல ஒண்ணு வந்திருக்குது. அது எறாவுக்கு ஒத்து வருமா, மீனுக்கா?" எனக்கு ரத்தம் கொதித்தது. என்னை வேண்டாம் என்றவரை மாப்பிள்ளை என்று கூப்பிட இவருக்கு என்ன உரிமை? கேட்டேன். "பேரு சொல்லிக் கூப்பிட்டா மரியாதையா இருக்குமா?" என்றார்.

எங்கள் சோளம் பஸ் பார்சலில் பெங்களூருக்குப் போனது. அங்கிருந்து எந்தக் குழம்புக்கு எந்த ஒயின் என்ற விவரம் போனில் வந்துகொண்டே இருந்தது. அப்பா மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை பகலில், கூடத்தில், கண்ணாடி டம்ளரில், அம்மாவுக்கு எதிரிலேயே சாப்பிட ஆரம்பித்தார். அம்மாவுக்குப் போர்ட். கொய்யா மரம் மறுபடி தழைத்தது.

அடுத்த வருஷம் திருக்கோவிலூரில் அவருக்குக் கல்யாணம். பத்திரிகை அப்பா பெயருக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் பட்டு உடுத்திக்கொண்டு போனார்கள். எனக்கு மீட்டிங் இருக்கிறது என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் தாம்பூலப் பையோடு கொண்டுவந்த லட்டு இரண்டையும் நான்தான் தின்றேன். "பொண்ணு லட்சணமா இருக்குது" என்று அம்மா சொன்னாள். நான் ஒன்றும் விசாரிக்கவில்லை.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. என் கணவர் மணலூர்பேட்டைக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார். தலை தீபாவளிக்கு அப்பா பத்து நாள் முன்பிருந்தே யோசித்து, ஆட்டுக்கறிக்கு ஒன்று, வறுவலுக்கு ஒன்று என்று பாட்டில்கள் வாங்கி வைத்திருந்தார். இலை போட்டதும் டம்ளரை எடுத்து, "மாப்ள, மொதல்ல எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

"எனக்கு அசிடிட்டிங்க மாமா. மோரு போதும்" என்றார் என் கணவர்.

அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு பேர் வந்து போன பிறகு இதையா கொண்டுவந்தாய் என்ற பார்வை. கணவர் ஒன்றும் கவனிக்காமல் கறியை மூன்று முறை வாங்கித் தின்றுவிட்டு, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டுக் கூடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார். பாட்டில்களை அப்பாவும் அம்மாவும் நானும் தீர்த்தோம். சாப்பாட்டு விஷயத்தில் என் கணவரோடு இதுவரை எனக்குச் சண்டை வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்திருக்கிறது.